நல்ல கைக்கு ஒரு சைக்கிள்

வாங்க, வாங்க. சைக்கிள் பாக்கத்தான வந்தீங்க? செருப்பை அப்படி ஓரமா உட்டுட்டு வாங்க. காத்தால போன்ல பேசுனது நீங்கதானுங்களா? குரலைக் கேட்டப்பவே நெனச்சேன், நெதானமான ஆளுன்னு. உக்காருங்க. சைக்கிள் எங்க போயிரப் போவுது, உள்ள ரூம்புலதான் நிக்குது. சித்தெ இருங்க, தண்ணி கொண்டாரேன்.

தொட்டுப் பாக்கலாமுங்க, யாரு வேண்டாங்கறா. ஆனா ஒரு பொருளை வாங்கறதுக்கு முந்தி அதோட கதை தெரியோணுமில்லைங்க? முந்தாநேத்து ஒருத்தன் வந்தான். வந்ததும் வராததுமா பெல்லை அடிச்சுப் பாக்கறான். அடிக்குமா அடிக்காதாங்கறதைத்தான் வெளம்பரத்துலயே போட்டிருக்குதேன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சுட்டுப் போயிட்டான். அதுக்கு முந்தி வந்தவன் டயரைக் கட்டை வெரல்ல அமுக்கி அமுக்கிப் பாத்தான், சந்தையில கத்திரிக்கா வாங்கறவனாட்டம். அந்தாளுங்களுக்கெல்லாம் குடுக்கறதுக்கா இதை நான் இத்தனை வருசம் வச்சிருக்கேன்?

நான் இந்தப் பக்கத்து மில்லுல ஸ்டோர்ஸ்ல இருந்தவனுங்க. ரிட்டேர் ஆகற வரைக்கும் சாவி என்ற இடுப்புலதான். ஒரு நட்டு வேணும்னாலும், ஒரு பெல்ட்டு வேணும்னாலும், எந்த ஃபிட்டரா இருந்தாலும் என்றகிட்ட வந்துதான் நிக்கோணும். பழசைக் கொண்டா, காட்டு, இன்னும் ஓடுமா ஓடாதான்னு நான் பாக்கறேன், அப்பறம் புதுசு. அதுதான் நம்ம சட்டம். பல்லைக் கடிப்பானுங்க. கடிச்சுட்டுப் போறான். மில்லை மூடி ஏலம் உட்டாங்க பாருங்க, அன்னிக்கு ஏலத்துக்கு வந்த சேட்டு அசந்து போயிட்டான். மெசினெல்லாம் பார்ட்டு தேஞ்சு துருப்புடிச்சு நிக்குது, ஸ்டோர்ஸுல மட்டும் பிரிக்காத பெட்டி அடுக்கடுக்கா. "யாருங்க இவ்வளவு பத்தரமா வச்சிருந்தது?"ன்னு கேட்டான். கூட்டத்துல நான்தானுங்கன்னு கையத் தூக்குனேன். மேனேசரு என்னையொரு பார்வை பாத்தாரு. அந்த மாதிரி ஒரு பேரு ஸ்டோர்ஸுல இருந்த எவனுக்குங்க கெடைக்கும்?

பொருளை வாங்கறது பெருசில்லைங்க. காசு இருந்தா எவனும் வாங்குவான். வச்சிருக்கத் தெரியோணும்.

இந்தச் சைக்கிளு என்ற பையனுக்கு வாங்குனது. திருமூர்த்தின்னு பேரு. எட்டாவது பாசாகி ஒம்பதாவது போறான். பள்ளிக்கூடம் தூரம், பசங்கெல்லாம் சைக்கிள்ல போறாங்க, இவன் மட்டும் டவுன் பஸ்ஸுல தொங்கிட்டுப் போறான்னு எங்கூட்டம்மா ராஜாமணி ஒரே புடிவாதம். செரின்னு கடைக்குப் போயி, நானே பாத்து எடுத்தேன். பச்சைக் கலரு. கடையில இருந்து ஊட்டுக்குத் தள்ளிட்டே வந்தோம். "ஓட்டிட்டு வரட்டுங்களாப்பா?"ன்னான். ரோட்டுல ஆணி கெடக்கும், தள்ளுன்னேன். தள்ளிட்டே வந்தான் பாவம், சிரிச்சுட்டே. அந்த வயசுல புள்ளைங்களுக்கு எதுன்னாலும் சந்தோசந்தான்.

ஊட்டுக்கு வந்ததும் சொல்லிட்டேன். இந்தா பாரு, சைக்கிள் உன்றது. எவனும் உன்றகிட்ட இருந்து புடுங்கப் போறதில்லை. ஆனா பத்தாவது பரீச்சை முடியட்டும். நல்ல மார்க்கு வாங்கு, அப்பறம் நீயாச்சு உன்ற சைக்கிளாச்சு. பத்தாவதுல மார்க்கு வாங்குனான், இல்லைங்கல. ஆனா அடுத்தது பிளஸ் ஒன், பிளஸ் டூ, அதுதானுங்க வாழ்க்கை. அந்தச் சமயத்துல போயிச் சைக்கிளைக் குடுத்து எங்காச்சும் உழுந்து கையக் கால ஒடிச்சுட்டு வந்தா? பிளஸ் டூ முடிச்சுட்டு ஓட்டுடான்னேன். அதுக்கப்பறம் காலேஜுக்குப் போனான். அப்ப அவனே கேக்கறதை நிறுத்திட்டான். நான் ராஜாமணிகிட்டச் சொன்னேன், பாத்தியா, பையனுக்குப் பக்குவம் வந்துருச்சுன்னு. அவ அரிசி பொடைச்சுட்டே இருந்தா.

அதுக்காக நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரனில்லைங்க. தொடைக்கறதுக்கு உட்டிருந்தேன். ஞாயித்துக்கெழமை ஆனா அவன்தான் தொடைப்பான். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு, மஞ்சத்துணி ஒண்ணு, அதோட உக்காந்தான்னா ஒவ்வொரு கம்பியாத் தொடைப்பான். தொடைச்சு முடிச்சு ஸ்டாண்டு போட்டு, பெடலைக் கையில சுத்தி உட்டுட்டு அந்த டிக்டிக்குன்னு வர்ற சத்தத்தைக் கேட்டுட்டே இருப்பான். சக்கரம் நிக்கற வரைக்கும் கேப்பான். நின்னுதுன்னா மறுக்காச் சுத்துவான். எந்த அப்பன் இதையெல்லாம் உடுவான் சொல்லுங்க. சில பேரு தொடவே உடமாட்டாங்க.

அவன் இப்ப பெங்களூருல இருக்கறான். நல்ல வேலை. எப்பவாச்சும் வருவான், வந்தாலும் பொழுதோட கெளம்பிருவான். வேலை அப்படிங்க. ராஜாமணி போயிச் சேந்தப்ப வந்து காரியமெல்லாம் முறையாப் பண்ணுனான். அதுக்கப்பறம் வருசத் தெவசத்துக்கு வந்தவன்தான்.

அவ போனதுக்கப்பறம் இந்த ஊட்டுல நான் ஒருத்தனுங்க. சோத்தை அடுப்புப் பக்கத்துல நின்னுட்டே தின்னுக்குவேன். உக்காந்து திங்கறதுக்கு எதுக்கால ஒரு ஆளு வேணுமில்லைங்க. வெடியால எந்திரிச்சா பேசறதுக்கு ஒரு நாதி கெடையாது. டிவியப் போட்டுட்டு அதுல பேசறவங்களுக்கு நான் பதில் சொல்லிட்டு இருக்கேன். சிரிக்காதீங்க, உங்களுக்கும் வயசாகும்.

அப்பத்தான் மாசி மாசத்துல பையன் போன் பண்ணுனான். அவன் பொண்ணு ஆதிரைக்குப் பன்னண்டு வயசு. சைக்கிள் ஓட்டப் பழகோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாளாம். அங்க அடுக்குமாடியில வண்டி போறதும் வர்றதுமா இருக்குது, எடமில்லை. "லீவுக்கு அங்க கூட்டிட்டு வர்றேங்கப்பா, உங்க வீதிதான் அமைதியா இருக்கும், பழகட்டும்"னான். கேட்டீங்களா? லீவு முழுக்க. ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை. போனை வச்சுட்டு நான் அப்படியே உக்காந்துட்டேன். ஊடு பூரா ஒரு தடவை சுத்தி வந்தேன். எந்த ரூம்புல அவங்களைப் படுக்கச் சொல்றதுன்னு அப்பவே ரோசனை பண்ண ஆரம்பிச்சுட்டேன். பேத்தி ஓட்டறதுக்குத்தான் நம்மகிட்டச் சைக்கிள் இருக்குதே. அவன்கிட்ட ஒண்ணும் சொல்லலை. வந்து பாத்து அசந்து போகட்டும்னு.

ரூம்பைத் தொறந்து மேல போட்டிருந்த பிளாஸ்டிக்கை எடுத்துப் பாத்தா, பாடி அப்படியே புதுசு. ஆனா டயரு வெடிச்சுப் போச்சு. டியூபு அப்பளமாட்டம். கிரீஸெல்லாம் காஞ்சு களிமண்ணாட்டம் ஆயிருச்சு. கடையில குடுக்கலாமுன்னா மனசு வரலை. நல்ல பார்ட்டைக் கழட்டிட்டு வேற எதையாச்சும் மாட்டி உட்டா நம்மளுக்கெப்படித் தெரியும்? அப்பத்தான் நூலகத்துச் செவுத்துல ஒட்டியிருந்ததைப் பாத்தேன். ஞாயித்துக்கெழமை காத்தால சைக்கிள் ரிப்பேரு வகுப்பு. கையில செஞ்சே கத்துக்கலாம். அவங்கவங்க சைக்கிளை அவங்கவங்க கொண்டாரோணும்.

போனேன். நூலகத்துக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டாயி. சொல்லித் தர்றது நஸ்ரின்னு ஒரு புள்ளை. இஞ்சினீரிங் படிச்சது, கையெல்லாம் கிரீஸு. வந்திருந்ததெல்லாம் வேலைக்குப் போறவங்க, ஊட்டுப் பொம்பளைங்க. பவுலின்னு ஒரு நர்ஸம்மா என்ற பக்கத்துல உக்காரும். ஆஸ்பத்திரிக்கு அதுலதான் போயிட்டு வருதாம். அதோட சைக்கிளைப் பாத்தா நமக்கு அழுகை வந்துரும். மட்கார்டு நெளிஞ்சு, செயின் தொங்கிப் போயி, சீட்டுல பாலிதீன் பையக் கட்டி வச்சிருக்கும்.

அந்தப் புள்ளை மொத நாளே ஒரு சட்டத்தைப் போட்டுருச்சு. வகுப்புல எதைக் கழட்டுனீங்களோ அதை நீங்களே மாட்டோணும். மாட்டுனதைப் பக்கத்துல இருக்கறவங்ககிட்டக் குடுக்கோணும், அவங்க கொட்டாயைச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக் குத்தம் சொல்லோணும். அப்பறம் அவங்கவங்க சைக்கிளை ஓட்டிட்டுத்தான் ஊட்டுக்குப் போகோணும். "தள்ளிட்டுப் போனா கத்துக்கிட்டதாக் கணக்கில்லை"ங்குது. எனக்கு இதுல ஒண்ணுமே புரியலைங்க. கத்துக்கறதுக்குத்தான வந்தோம், சர்க்கஸுக்கா வந்தோம்? இந்த நர்ஸம்மாகிட்டக் குடுத்து, அது ஏறி உக்காந்து, நம்ம சைக்கிள் என்னத்துக்காகும்? நான் குடுக்கலை. நானும் ஓட்டலை. வகுப்பு முடிஞ்சதும் எல்லாரும் ஏறி உட்டுட்டுப் போவாங்க, நான் சைக்கிளைத் தள்ளிட்டு வருவேன். நர்ஸம்மா ரோட்டுல என்னையத் தாண்டறப்ப பெல்லை அடிச்சுட்டுப் போகும். "ஏனுங்ணா, அது உங்களைக் கூட்டிட்டுப் போகுதா, நீங்க அதைக் கூட்டிட்டுப் போறீங்களா?"ன்னு கேலி வேற.

ஆனா வேலைன்னு வந்தா நான் சுத்தமுங்க. பஞ்சர் ஒட்டறது, பிரேக் கட்டை மாத்தறது, சக்கரத்துல கோட்டம் எடுக்கறது, அத்தனையும் கத்துக்கிட்டேன். கோட்டம் எடுக்கறதுன்னா தெரியுமுங்களா? சக்கரம் நெளிஞ்சு சுத்துனா ஒவ்வொரு கம்பியா முறுக்கி நேராக்கறது. என்ற சக்கரத்துல கோட்டமே இல்லை, இருந்தாலும் கத்துக்கிட்டேன்.

ஒரு வாரம் ஓவராயில் பாடம். சக்கரத்தோட அச்சைக் கழட்டி, உள்ள இருக்கற சின்னச் சின்ன இரும்புக் குண்டு, பால்ஸும்பாங்க, அதையெல்லாம் எடுத்து மண்ணெண்ணெயில கழுவிப் புது கிரீஸு வைக்கறது. எல்லாருது அச்சும் குழி உழுந்து அம்மைத் தழும்பாட்டம் இருந்துச்சு. நர்ஸம்மாவோடதைப் பாத்து நஸ்ரின் "அக்கா, இது ஊரைச் சுத்தி வந்த கழுதையாட்டம் இருக்குது"ன்னு சிரிச்சுது. அப்பறம் என்றதைக் கழட்டுனேன். காஞ்ச கிரீஸை வழிச்சுத் தொடைச்சுட்டுக் காட்டுனேன் பாருங்க. கண்ணாடிங்க. மூஞ்சி தெரியும். அந்தப் புள்ளை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துது. எல்லாரும் வந்து பாருங்கன்னு கூப்பிட்டுது. எனக்கு அன்னிக்கு ஏலத்துல கையத் தூக்குன ஞாபகம் வந்துருச்சு.

"எப்ப வாங்குனது அங்கிள்?"னு கேட்டுது. சொன்னேன். "அத்தனை வருசமா? யாருமே ஓட்டலையா?" என்ற பையன் சைக்கிளும்மா இது, அவன் ஒம்பதாவது போறப்ப வாங்குனதுன்னேன். "அவரும் ஓட்டலையா?" ஓட்டியிருந்தா இப்படி இருக்குமாம்மான்னேன்.  மத்தவங்கெல்லாம் அவங்கவங்க அச்சைத் தொடைக்கக் குனிஞ்சுட்டாங்க. அந்தப் புள்ளை அச்சை என்ற கையில பூ வைக்கறாப்புல மெதுவாத் திருப்பி வச்சுது. வயித்தெரிச்சல்தானுங்க, வேறென்ன. அவங்கவங்கது குழி உழுந்து கெடக்கறப்ப அடுத்தவனுது பளபளன்னு இருந்தா பொறுக்காதில்லைங்க.

சித்தெ நேரம் கழிச்சு நர்ஸம்மா கேக்குது: "பையன் இப்ப எங்கீங்ணா இருக்காரு?" பெங்களூருலன்னேன். "அடிக்கடி வருவாருங்களா?" ஏனுங்க, அச்சுல குழி உழுகறதுக்கும் பையன் ஊருக்கு வர்றதுக்கும் என்னங்க சம்பந்தம்? பொம்பளைங்க பேச்சு எப்பவும் அப்படித்தான், ஒண்ணைப் பேசிட்டே இருக்கறப்ப இன்னொண்ணுக்குத் தாவிருவாங்க.

ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிப்புடறேன், அப்பறம் மறைச்சுட்டேன்னு சொல்லக்கூடாது. எடது பக்கம் பெடல் மாட்டற கை இருக்குது பாருங்க, கிராங்கும்பாங்க, அது மட்டும் கடையில வாங்கி மாத்துனது. வெடிச்ச டயரு டியூபு போக மத்ததெல்லாம் வந்தது வந்தபடியே. அதுக்கும் காரணம் அந்தப் புள்ளைதான். எடது பெடலுக்குத் தலைகீழ் மரை, எடப்பக்கம் திருகுனாத்தான் எறுகும்னு சொல்லிக் குடுத்துது. எதுக்குன்னா, நேர் மரையா வச்சா மிதிக்க மிதிக்கத் தானாக் கழண்டுக்குமாம். மிதிக்கறவங்களுக்குத்தான அந்தக் கதை, நம்ம சைக்கிளுக்கு எதுக்குன்னு நான் காதுல போட்டுக்கலை. ஊட்டுல ரெண்டு பெடலையும் கழட்டிப் பாலீஸு போட்டுத் திருப்பி மாட்டறப்ப, எது எந்தப் பக்கத்துதுன்னு குழம்பிருச்சு. பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்குது. பெடலு உள்ள போகலை. ஸ்பேனருக்கு மேல பைப்பைச் சொருகி ஒரு அழுத்து அழுத்துனேன். கிராங்குல இருந்த மரையெல்லாம் தூளாட்டம் கொட்டிப் போச்சு. எடது வலதுன்னு பெருசா எழுதி வைக்கச் சொல்லியிருக்கலாமில்லைங்க அந்தப் புள்ளை? சொல்லிக் குடுக்கறவங்களுக்குப் பொறுப்பு வேணும். எனக்கு இன்னும் அதை நெனச்சாச் சோறு எறங்கறதில்லை.

கடேசி வகுப்பன்னிக்கு எல்லாரும் சேந்து கொளத்து மேட்டு வரைக்கும் ஓட்டிட்டுப் போறதுன்னு ஏற்பாடு. நஸ்ரின் என்றகிட்ட வந்து நின்னுது. "அங்கிள், ஒரே ஒரு தடவை ஏறுங்க. நீங்க பண்ணுன வேலை எப்படி ஓடுதுன்னு நீங்களே பாக்க வேண்டாமா?" நான் சொன்னேன், இது என்ற பேத்திக்கு வச்சிருக்கறது, மொதல்ல அவதான் ஏறோணும்னு. அதைக் கேட்டதும் அந்தப் புள்ளைக்கு அப்படியே மூஞ்சி மலர்ந்துருச்சு. "அப்படியா அங்கிள், அப்பச் செரி, பேத்தி ஓட்டறப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னுது. நர்ஸம்மா கூட அன்னிக்குக் கேலி பண்ணலை. சீட்டுக்கு ஒரு உறை வாங்கியாந்து குடுத்துது. என்னமோ போங்க, அன்னிக்கு எனக்கே நெஞ்சு நெறைஞ்சு இருந்துச்சு. தள்ளிட்டு வர்ற வழி பூரா ஆதிரை இதுல ஏறி வர்றதுதான் கண்ணுக்குள்ள.

மே மாசம் வந்தாங்க. மருமகளுக்கு லீவு இல்லை, பையனும் பேத்தியுந்தான். நான் வெடியால எந்திரிச்சு, சைக்கிளை வாசல்ல நிறுத்தி, சந்தனம் குங்குமம் வச்சு, ஹேண்டில்ல மல்லிகைச் சரம் சுத்தி வச்சிருந்தேன். பையன் ஆட்டோவை உட்டு எறங்குனவன் பாத்துட்டு அப்படியே நின்னுட்டான். பைய எறக்கி வைக்கலை. அப்பறம் மெதுவா வந்து சீட்டு மேல கை வச்சான். "நீங்களே பண்ணுனீங்களாப்பா?"ன்னான். ஆமா கண்ணு, வகுப்புக்குப் போயிக் கத்துக்கிட்டேன், எல்லாம் என்ற கையாலன்னேன். அவன் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. பொய் சொல்லலை. "ரொம்ப நல்லாருக்குதுப்பா"ன்னான். எங்க ரெண்டு பேருக்குள்ள அந்த மாதிரி ஒரு பேச்சு வந்து எத்தனையோ வருசமாச்சு.

"ஏறு ஆதிரை"ன்னான்.

அவ ஓடியாந்து பெடல் மேல கால வச்சா. வச்சதும் ஹேண்டிலு ஒரு ஆட்டம் ஆடி இரும்புக் கேட்டுப் பக்கம் சாஞ்சுது. நான் பாஞ்சு புடிச்சேன். புடிச்சப்பத்தான் எனக்கு நெதானம் வந்துச்சு. இவ இன்னும் ஒரு தடவை கூட ஓட்டுனதில்லை. பழகறப்ப எப்படியும் உழுவா. உழுகறதுக்கு இதா கெடைச்சுது? எறங்கு சாமின்னேன். பக்கத்து வீதியில வாடகைக்கு ஒரு பழைய சைக்கிளு கெடைக்கும், அதுல நல்லாப் பழகிக்க. பழகுனதுக்கப்பறம் இது உன்றதுதான். தாத்தா எங்கயும் கொண்டுட்டுப் போயிர மாட்டேன்.

"விடுங்கப்பா, உழுந்தா உழுகட்டும். உழாமயா பழகுவாங்க?"ங்கறான் பையன்.

அவ உழுந்தா எந்திரிச்சுக்குவாப்பா, சைக்கிள் உழுந்தா பெயிண்டு போயிருமேன்னேன். நாயந்தானுங்களே?

புள்ளை எறங்கி நின்னுட்டா. மூஞ்சி சின்னதாப் போச்சு. எனக்கு மனசு பொறுக்கலைங்க, ஒரே பேத்தி. உள்ள போயி அலமாரியில இருந்து புது மஞ்சத்துணி ஒண்ணை எடுத்தாந்து அவ கையில குடுத்தேன். இன்னிக்கு இதைத் தொடை சாமி, தொடைச்சுட்டு ஸ்டாண்டு போட்டுப் பெடலைச் சுத்திப் பாரு, சத்தம் சோக்கா இருக்கும், உங்கப்பனும் இப்படித்தான் ஞாயித்துக்கெழமையானா உக்காந்து தொடைப்பான்னு சொன்னேன். அவளும் வாங்கிக்கிட்டாங்க. வாங்கிட்டு அப்படிக் கீழ உக்காரப் போனா.

பையன் வந்து அவ கையில இருந்து துணிய வாங்கிக்கிட்டான். "அவளுக்கு அதைக் குடுக்காதீங்கப்பா"ன்னான். சத்தமெல்லாம் போடலை. சத்தம் போட்டிருந்தாக்கூட நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். துணிய மடிச்சுச் சீட்டு மேல வச்சான். எறக்கி வைக்காத பையத் திருப்பித் தோள்ல மாட்டுனான். "கெளம்பறோங்கப்பா"ன்னு பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டான். கூடை நெறைய மாம்பழம் வாங்கி வச்சிருந்தேன். கொழந்தை வந்தா உக்காந்து சாப்பிட ஒரு சின்ன நாக்காலி கூட வாங்கியிருந்தேன். ஒரு வாய்த் தண்ணி குடிக்கலைங்க. பழமெல்லாம் அப்படியே இருந்து அழுகுச்சு, நான்தான் அள்ளிக் குப்பையில போட்டேன்.

துணியக் குடுத்தது ஒரு குத்தமுங்களா? நீங்களே சொல்லுங்க. அழுக்குத் துணியா இருந்தாலும் பரவால்லை. பிரிக்காத புதுத்துணிங்க.

பொறகு நானே போன் பண்ணுனேன். பெத்தவன்தான எறங்கிப் போகோணும். ஏம்ப்பா இப்படிப் பண்ணிட்டன்னு கேட்டேன்.  அவன் சொன்னான், "அந்தச் சைக்கிளை வித்துருங்கப்பா. வித்துட்டு ஒரு போன் பண்ணுங்க, மறுநாளே நாங்க வந்துர்றோம். ஆதிரை கேட்டுட்டே இருக்கா. வெலையெல்லாம் பாக்காதீங்க, சும்மா கேட்டாலும் குடுத்துருங்க. யாரு ஓட்டுனாலும் செரி, யாராச்சும் ஓட்டட்டும்." அவ்வளவுதான் கேட்டது. செரி கண்ணு, வித்தர்றேன்னேன். அவங்க வர்றதுக்கு முன்னால ஒரு சைக்கிள் எனக்குப் பெருசுங்களா? பக்கத்து ஊட்டுப் புள்ளைகிட்டச் சொல்லி அன்னிக்கே வெளம்பரம் போட்டுட்டேன். சோத்தை உக்காந்து திங்கோணும்னு எனக்கும் ஆசை இருக்காதுங்களா?

ஆனா வர்ற ஆளுங்களைப் பாத்தாத்தான் மனசு வர்றதில்லை. நல்ல கையாப் பாத்துக் குடுக்கலாம்னு பாக்கறேன்.

வாங்க, எந்திரிங்க, பாக்கலாம். கதவு நெலவுல தலை இடிச்சுக்காதீங்க. இந்தா, இதுதான். எப்படி? சொன்னேனில்லைங்க. இந்த எழுத்தைப் பாருங்க, ஸ்டிக்கரு ஒரு மூலை கூடக் கிளம்பலை. பெடலைச் சுத்தட்டுங்களா? கேளுங்க. சத்தத்தைக் கேளுங்க.

யாருக்கு வாங்கறீங்க? பொண்ணுக்குங்களா. எத்தனாவது படிக்குது? செரி, செரி. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்? அய்யோ, அந்த வாய்க்கா மேட்டு வழியாவா? அது பூராச் சல்லிக்கல்லுங்களே. மழை பேஞ்சா? நனையுமே. பள்ளிக்கூடத்துல நெழல்ல நிறுத்தறதுக்கு எடம் இருக்குதுங்களா? மரத்தடியா. மரத்தடின்னா காக்கா எச்சம் உழுந்து பெயிண்டு போயிரும். பின்னால தங்கச்சிய வேற உக்கார வச்சுட்டுப் போகுமா? கேரியர்ல ஆள் ஏத்தறதுக்கில்லைங்க இது.

நீங்க நல்ல ஆளுதான், அதுல ஒண்ணுமில்லை. வெலையப் பத்தி நான் பேசவே இல்லையே. என்ன, ஓட்டிப் பாக்கோணுமா? வீதி மொனை வரைக்குமா? எதுக்குங்க? அதுதான் கண்ணால பாக்கறீங்களே. காதால கேட்டீங்களே. ஓடாம என்ன பண்ணும். கைய எடுங்க. சித்தெ கைய எடுங்க, போன் அடிக்குது.

ஆதிரைங்க. நீங்க ஒரு நிமிசம் பேசாம இருங்க.

சொல்லு சாமி. சாப்பிட்டயா? தாத்தா சாப்பிட்டேன். இல்ல சாமி, இன்னும் விக்கலை. இன்னிக்கா? இல்ல, இன்னிக்கும் ஒருத்தரும் வரலை. ஆமா, ஒரு ஆளு கூட வரமாட்டேங்கறாங்க, தாத்தா என்ன பண்றது சொல்லு. வந்தா உடனே குடுத்துருவேன். தீவாளிக்குள்ள வித்துரும், நீ வெசனப்படாத. அப்பன்கிட்டயும் அப்படியே சொல்லிரு. யாரும் வரலைன்னு சொல்லு. வச்சர்றேன் சாமி.

கொழந்தை பாருங்க, தெனமும் பள்ளிக்கூடம் உட்டு வந்ததும் கூப்பிட்டுக் கேட்டுரும்.

செரிங்க, அப்பப் பாக்கலாம். உங்க பொண்ணுக்குக் கடையிலயே ஒண்ணு எடுத்துருங்க, இப்பெல்லாம் புதுசே நல்லா வருது. போறப்ப அந்தக் கேட்டைச் சாத்திட்டுப் போயிருங்க, நாயி உள்ள வந்துருது.